எண்ணாத பதினொரு நாட்கள்

அந்தத் தாள் வெளிர் பச்சை நிறம். நான்காக மடித்து, மகளின் பிறப்புச் சான்றிதழோடும் தடுப்பூசி அட்டையோடும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் பத்து வருடமாகக் கிடக்கிறது. மேலே 'குழந்தை அசைவு அட்டவணை' என்று அச்சிட்டிருக்கும். கீழே முப்பது வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் தேதி, எண்ணத் தொடங்கிய நேரம், பத்தாவது அசைவு வந்த நேரம் என்று மூன்று கட்டங்கள். ஓரத்தில் குறிப்பு எழுதக் கொஞ்சம் இடம். முப்பதில் இருபத்தெட்டு வரிசைகள் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் கடைசிப் பதினொன்றில் மட்டும் எண்களின் மேல் கோடு கிழித்து, ஓரத்தில் 'எண்ணவில்லை' என்று எழுதியிருக்கிறது. பதினொரு முறை, ஒரே கையெழுத்தில்.

போன வாரம் மகளின் வகுப்பில், அவரவர் பிறந்த காலத்துப் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் கிலுகிலுப்பை, முதல் கொலுசு என்று எடுத்துப் போவார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி எதையும் பத்திரப்படுத்தும் பழக்கம் இல்லை. அவள் உறையைக் கவிழ்த்துத் தேடியதில் இந்தத் தாள் விழுந்தது. அதைக் கூடத்துத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு வரிசை வரிசையாகப் படித்தாள். எதையும் நிதானமாகப் படிக்கிறவள். "இது யாருப்பா எழுதுனது? நர்ஸா?" என்றாள். நான்தான் என்றேன். "என்னத்த எண்ணல?" என்றாள். இரு, சொல்றேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடுவதுபோல் எழுந்து போனேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பெரிய சிஸ்டரிடமிருந்துதான் தொடங்க வேண்டும், அதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

பெரிய சிஸ்டர் பிரசவ வார்டில் ஒரு முழு ஆயுள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெய்வேலி நகரியத்தில் அப்போது இளைஞர்களாக இருந்தவர்களில் பாதிப்பேர் தன் கையில்தான் விழுந்தார்கள் என்று சொல்வார். யாரும் அதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா உட்கார முடியாமல், மகப்பேற்றுப் பயிற்சி முடித்த இளம் நர்ஸ் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் பிளாக்கின் சமூகக் கூடத்தில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடத்தினார். அந்த இளையவரைச் சின்ன சிஸ்டர் என்போம். ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை வகுப்பு. ஒரே நிபந்தனை, புருஷனும் வர வேண்டும். ஷிப்ட் இருக்கிறது என்ற சாக்கு அவரிடம் செல்லாது. காலை பத்தரைக்கு நடந்த வகுப்பே மாலை மூன்றரைக்கும் நடக்கும். 'முதல் ஷிப்ட் அப்பாக்கள் மாலையில், இரண்டாம் ஷிப்ட் அப்பாக்கள் காலையில்' என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார். நைட் ஷிப்ட்காரர்கள் எதில் வேண்டுமானாலும் வந்து தூங்கலாம் என்று வாயால் சொல்லிவிடுவார். தனியாக வந்த பெண்ணை அவர் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போன் போகும். அடுத்த வகுப்புக்கு அந்தப் புருஷன் தலையைத் துவட்டிய ஈரத்தோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பான்.

வடலூருக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு கிராமம் அவருடையது. அது இப்போது சுரங்கம். "எங்க வூடு இருந்த எடத்துலதான் உங்க ஆளுங்க கரி தோண்டிக்கினு இருக்காங்க" என்று சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பாக்களிடம் சொல்வார். அதைக் குறையாகச் சொல்ல மாட்டார், விலாசம் சொல்வதுபோல் சொல்வார். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, இடது தோள் பக்கம் தலைகீழாகக் குத்திய சின்னக் கடிகாரம். பேசும்போது யார் முகத்தையும் பார்க்காமல் நம் கைகளைப் பார்த்துப் பேசுவார். எங்கள் கைகளில் என்ன படித்தாரோ, தெரியவில்லை.

பிரசவத்தில் குழந்தை வெளிவரும் விதத்தை விளக்க அவரிடம் எலும்புப் பொம்மை எதுவும் கிடையாது. சுரங்க ஊழியர் ஒருவரின் பழைய ஹெல்மெட்டை வாங்கி, உள்ளே தலையைப் பிடிக்கும் பட்டையை மட்டும் கழற்றி வைத்திருந்தார். அந்தப் பட்டைதான் இடுப்பெலும்பு. துணிப் பொம்மை ஒன்றை அதற்குள் நேராக நுழைப்பார். தோள் மாட்டிக்கொள்ளும். பொம்மையைக் கொஞ்சம் திருப்புவார். வழுக்கிக்கொண்டு வந்துவிடும். "எப்பத் திரும்பணும்னு புள்ளைக்குத் தெரியும். நம்ம வேலை, கூடவே இருந்து பாத்துக்கினு இருக்கிறதுதான்" என்பார். அந்தப் பட்டையின் பின்பக்கத் திருகைத் திருகினால் அகலமாகுமே சிஸ்டர் என்று சுரங்கத்து மெஷின் ஆபரேட்டர் ஒருவர் ஒருமுறை யோசனை சொன்னார். "உங்க சம்சாரத்துக்கு அந்தத் திருகு வெக்கல தம்பி" என்றார் சிஸ்டர். கூடம் சிரித்து அடங்க நேரமாயிற்று. அந்த ஆபரேட்டரின் மனைவிதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

வகுப்பின் நடுவில் டீ வரும். எவர்சில்வர் கேனில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுப்பவர் பெரிய சிஸ்டரின் கணவர். நான் வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்திலேயே ஆபரேட்டராக இருந்து, நான் சேர்வதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். முதல் நாள் டம்ளரை நீட்டும்போது "எந்த யூனிட்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டார்.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை இந்தப் பச்சைத் தாளைக் கொடுத்தார்கள். முறையைச் சின்ன சிஸ்டர் விளக்கினார். தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு, தாய் இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். குழந்தை அசையும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். பத்து வந்ததும் மணியைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். தாள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பெரிய சிஸ்டர் சொன்னார். "அவங்க வயித்துல புள்ள இருக்குது. உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. அதனால பேப்பர நீங்க புடிங்க. அவங்க சொல்லணும், நீங்க எழுதணும்." மாதம் ஏற ஏற இடமில்லாமல் குழந்தை அடங்கிவிடும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம், கடைசி நாள் வரை அசைவு குறையக் கூடாது என்றார். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "ஒரு நாளு முடியலன்னா எண்ணலன்னு எழுதிடுங்க. அதுல ஒரு வெக்கமும் இல்ல. நானு யாரையும் திட்ட மாட்டேன்." எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டதற்கு அடையாளமாகத் தலையும் ஆட்டினேன்.

என் மனைவி மதுரைப் பக்கம். அப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்து, லீவு போட்டுக் குவார்ட்டர்ஸில் இருந்தாள். முதல் பதினேழு நாட்கள் நாங்கள் ஒழுங்காக எண்ணினோம். சாப்பிட்டு முடித்ததும் அவள் பாயில் சாய்வாள். நான் பக்கத்தில் சம்மணம் போட்டு, மடியில் தாளும் கையில் பேனாவுமாக உட்காருவேன். அவள் "ம்" என்பாள், நான் ஒரு கோடு போடுவேன். ஒரு நாள் பதினைந்து நிமிடத்தில் பத்து முடிந்துவிட்டது. மறுநாள் ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குக்கர் விசில் அடித்தால் உள்ளே ஒரு துள்ளல் இருக்கும். அதை எண்ணலாமா கூடாதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. சில நாள் என் கையை எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்வாள். கையை வைத்தால் குழந்தை அசையாது, எடுத்தால் அசையும். "உங்களப் பாத்துப் பயப்படுது" என்பாள். அந்தப் பதினேழு நாட்களும் நான் சந்தோஷமாக இருந்தேன். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் அந்த வரிசைகளின் எண்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் தெரியும்.

எங்கள் வேலையில் லாக் ஷீட் என்று ஒன்று உண்டு. இப்போது கணினியே எழுதிக்கொள்கிறது. நான் இருந்த பகுதியில் அப்போது கையால்தான் எழுதினோம். மணிக்கு ஒருமுறை பம்பு பம்பாகப் போய் கேஜைப் பார்த்து, எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, என்னைப் பற்றிச் சொல்கிறேன். மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், அதன் சத்தமே காதுக்குப் பழகியிருந்தால், சில மணி நேரம் நான் எழுந்து போக மாட்டேன். போன மணிக்கு அறுபத்திரண்டு என்றால் இந்த மணிக்கு அறுபத்து மூன்று என்று போடுவேன். அடுத்த மணிக்கு மறுபடி அறுபத்திரண்டு. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும், அதனால் கடைசி இலக்கத்தை லேசாக அசைத்துவிட வேண்டும். அதில் எனக்கு நல்ல கைப்பழக்கம் வந்திருந்தது. கட்டம் காலியாக இருந்தால்தான் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். நிரம்பியிருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பதினெட்டாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எங்கள் யூனிட்டை ஓவர்ஹாலிங்குக்காக, அதாவது முழுசாகப் பிரித்துப் பழுது பார்க்க, நிறுத்தினார்கள். அதிலிருந்து காலை ஆறுக்குப் போனால் வீடு திரும்ப மாலை ஏழாகிவிடும். அன்று தட்டில் கை காய உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். அவளும் களைப்பில் படுத்துவிட்டாள். மறுநாள் காலை கிளம்பும்போது தாளைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வரிசை காலியாக இருந்தது. எனக்கு அது என்னவோ செய்தது. பேனாவை எடுத்து 8.10 என்றும் 8.45 என்றும் எழுதிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். எண்ணவில்லை என்று எழுதலாம் என்பது நினைவுக்கு வரவே இல்லை. புதன்கிழமை அவள் "எண்ணலையாங்க?" என்று கேட்டாள். நீ படுத்துக்கோ, நான் போட்டுக்கிறேன் என்றேன். எதைப் போட்டுக்கொள்வேன் என்று அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணுவது நின்றுவிட்டது, எழுதுவது மட்டும் நடந்தது. முப்பத்தைந்து நிமிடம், நாற்பது, முப்பத்தைந்து, முப்பது, நாற்பது. கடைசி இலக்கத்தை அசைக்கவும் மறக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை. நான் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "என்னங்க, இன்னைக்கு ரொம்ப அமைதியா இருக்கு" என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எடம் பத்தாம இருக்கும். தூங்குதோ என்னமோ" என்றேன். நம்ப வேண்டாம் என்று பெரிய சிஸ்டர் சொல்லியிருந்த அதே வார்த்தையை என் வாய் சொல்லியது. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு தோசை ஊற்றப் போனாள். சாப்பிட்ட பிறகு தாளை எடுத்து 8.05, 8.45 என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை அவள் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு 8.10, 8.40.

சனிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு இரண்டு மணிக்கே வந்து, அவளை அழைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சின்ன சிஸ்டர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் எல்லோருடைய தாள்களையும் வாங்கிக்கொண்டு ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தாளில் அவர் கை நின்றது. பச்சைத் தாள் எல்லோருடையதும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனாலும் அது என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீக் கேனோடு நின்ற கணவரைக் கூப்பிட்டார். "ஏங்க, இத வந்து பாருங்க." அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். பதினேழாவது வரிசையில் விரலை வைத்தார். "இதுக்கு மேல எடுத்த ரீடிங். கீழ இருக்கிறது எழுதுன ரீடிங்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. ஒரு தச்சர் இன்னொரு தச்சர் செய்த நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பெரிய சிஸ்டர் என்னிடம் வரவில்லை. என் மனைவியிடம் வந்து, பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "புள்ள கடைசியா எப்பம்மா நல்லா அசைஞ்சுது?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "ரெண்டு நாளாவே கம்மிதான் சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் அவளைப் படுக்கச் சொல்லி, பையிலிருந்து, குழந்தையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை எடுத்து வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். தோளில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். இடத்தை மாற்றி மாற்றிக் கேட்டார். மற்றவர்கள் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து, சந்தைக்குக் கிளம்புகிற குரலில் "இருக்குது. ஆனா போயி மெஷின்ல பாத்துக்கினு வந்துடலாம், எழுந்திரும்மா" என்றார். வகுப்புக்கு வர இரவல் வாங்கியிருந்த பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் சாவியைக் கையில் எடுத்தேன். "அதெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு, கார் வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார். சின்ன சிஸ்டர் என் மனைவியோடு பின்னால் ஏறிக்கொண்டார். பெரிய சிஸ்டர் என் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டையைக் கட்டி ஒரு மெஷினில் இணைத்தார்கள். அதிலிருந்து காகிதம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு அதில் கோடாக ஓடியது. இப்படிப்பட்ட கோடுகளைப் பார்ப்பதுதான் என் தொழில். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் கிட்டத்தட்ட நேராக ஓடிய அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் இடத்தில் அப்படி ஓடினால் டீ குடிக்கப் போகலாம். டாக்டர் காகிதத்தைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரே சீராப் போகக் கூடாது. குழந்தைன்னா மேலயும் கீழயும் போகணும்" என்றார். பனிக்குட நீரும் குறைந்திருந்தது. ஆறு மணிக்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்கும் குறைவு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை. முதலில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. வந்தது போகவும் இல்லை. அவள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று, அவள் காலை அசைக்கும்போதெல்லாம் என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பெரிய சிஸ்டர் வார்டுக்கு வந்தார். என் மனைவியின் தலையைத் தடவிப் பேசினார், கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தார், பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். பையிலிருந்து பச்சைத் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்து நீட்டினார். "பதினோரு வரியிலயும் கோடு போடுங்க. பக்கத்துல எண்ணலன்னு எழுதுங்க" என்றார். கிழித்துப் போட்டுவிடலாமே சிஸ்டர் என்று நான் கெஞ்சினேன். "கிழிச்சா அந்த நாளே இல்லன்னு ஆயிடும். இருந்துச்சு இல்ல?" என்றார். வராந்தாக் கட்டையில் தாளை வைத்து எழுதினேன். 'எண்ணவில்லை.' 'எண்ணவில்லை.' வியாழக்கிழமை வரிசையில் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல், அந்த வழியாகப் போன ஆயாவிடம் யார் வீட்டுக் கல்யாணத்தையோ விசாரித்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் வாங்கி ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்தார். "எங்க வூட்டுக்காரரு முப்பது வருஷம் லாக் ஷீட் எழுதுனவரு தம்பி. எனக்கு மெஷின் தெரியாது, அத எழுதுற ஆம்பளைங்களத் தெரியும்" என்று சொல்லி, தாளை என்னிடமே கொடுத்தார். "இத வெச்சுக்கினு இருங்க. பேரு யோசிச்சாச்சா?" குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, என் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல" என்றாள். ஒரே ஒரு முறைதான்.

சில வருடங்களுக்குப் பிறகு வடலூர் பஸ் நிறுத்தத்தில் பெரிய சிஸ்டரைப் பார்த்தேன். கணவரோடு அங்கே குடி போய்விட்டிருந்தார். காய்கறிப் பையோடு நின்றவரிடம் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. லாக் ஷீட் மாதிரி எழுதினேனே சிஸ்டர், அந்த ஆள் என்றேன். இத்தனை வருடமாக மனதில் சுமந்ததைச் சொல்வதால் என் குரல் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. அவர் என் கைகளைப் பார்த்தார். "அப்படி எழுதுனது ஒரு ஆளா ரெண்டு ஆளா தம்பி. நீ ஒருத்தன்தான்னு நெனச்சுக்கினு இருந்தியா?" என்றார். 'வாங்க போங்க' போய் 'நீ' வந்திருந்தது, அது எனக்கு ஆறுதலாக இருந்தது. "புள்ள நல்லா இருக்குதா?" என்றார். நன்றாக இருக்கிறாள் சிஸ்டர், ஒரு இடத்தில் உட்காருவதில்லை என்றேன். "அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். சமூகக் கூடத்தில் இப்போதும் வகுப்பு நடக்கிறது. சின்ன சிஸ்டரைத்தான் இப்போது பெரிய சிஸ்டர் என்கிறார்கள். அசைவை எண்ணப் போனிலேயே வசதி இருக்கிறதாம், தாள் கிடையாது என்று கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் மகளிடம் சுருக்கித்தான் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். மேலே இருக்கும் பதினேழும் நிஜம், கீழே இருக்கும் பதினொன்றும் நான் பொய்யாக எழுதியது என்பதை மட்டும் சுருக்கவில்லை. அவள் அழுவாள் அல்லது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்தப் பதினோரு நாளும் நான் எத்தன தடவ அசைஞ்சேன்?"

"தெரியாதும்மா."

"நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். குழாயை மூடினாள்.

"வியாழக்கிழமை மூணு. வெள்ளிக்கிழமை ரெண்டு" என்றாள். யோசிக்காமல் சொன்னாள். "மத்த நாள் எனக்கும் ஞாபகம் இல்ல."

மறுபடி குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அந்த இரண்டு நாளும் அவள் தனியாக எண்ணியிருக்கிறாள். பேனாவும் தாளுமாக நான் அதே வீட்டில்தான் இருந்தேன். அமைதியாக இருக்கிறது என்று அவள் வாசலில் வந்து சொன்னபோது எத்தனை என்று நான் கேட்கவில்லை. பிறகு வந்த பத்து வருடத்திலும் கேட்கவில்லை.

மகள் பென்சிலை எடுத்து, கடைசி இரண்டு வரிசைகளிலும் 'எண்ணவில்லை' என்பதற்குப் பக்கத்தில் 3, 2 என்று சின்னதாக எழுதினாள். மேலே இருந்த ஒன்பது வரிசைகளை அப்படியே விட்டுவிட்டாள். பிறகு தாளைப் பழைய மடிப்பின்படியே நான்காக மடித்துப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.